வெர்மோன் தோட்டத்துக் கடைசிக் கொடி

செவ்வாய்க் கிரகத்தின் மேட்டுநகரில் ஞாயிறு மாலை தோறும் பெரிய மனிதர்கள் கூடி மது அருந்துவார்கள். யாரும் புட்டியைத் திறப்பதில்லை. காதோரம் கொண்டுபோனால் போதும். காதுக்குப் பின்னே பதித்திருக்கும் சுவைச்சில்லு லேபிளைப் படித்து, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கண்டுகொண்டு, அந்த மது எப்படி இருக்க வேண்டுமோ அந்தச் சுவையை நேரே மூளைக்கு அனுப்பிவிடும். கண்களை மூடி "ஆகா" என்பார்கள். பிறகு புட்டி பெட்டகத்துக்குத் திரும்பிவிடும்.

இந்தக் கூத்தைப் பார்க்கும்போதெல்லாம் பிலோமினாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். புதுச்சேரியிலிருந்து வந்த தாவரவியலாளர் அவள். பூமியில், பிரான்சின் பொர்தோ பகுதி வெயிலில் காய்ந்து எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அங்கே வெர்மோன் என்றொரு தோட்டம் இருந்தது; அதன் சிவப்பு மதுவுக்கு ராஜமரியாதை. இப்போது மிச்சமிருப்பது முந்நூறு புட்டிகள். அத்தனையும் மேட்டுநகர்ச் சேகரிப்பாளர் சங்கத்தின் பெட்டகத்தில்.

பழைய தாவரக் காப்பகம் ஒன்றில் கிடைத்த வெர்மோன் திராட்சைக்கொடியின் வேர்த்துண்டை பிலோமினா உயிர்ப்பித்திருந்தாள். பதினோரு ஆண்டுகள், ஒரு கண்ணாடிக் கூடாரம், நாற்பது கொடிகள். முதல் அறுவடையில் பன்னிரண்டு புட்டி மது கிடைத்தது. சுரங்கத்தில் வேலை செய்கிறவன்கூட ஒரு கோப்பை குடிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் கூடாரத்துக்குத் தொடர்ந்து தண்ணீர் வேண்டும். நீர்வாரியம் சங்கத்தாரின் கையில் இருந்தது. கெஞ்சப் பிடிக்காவிட்டாலும் ஒரு புட்டியோடும் மரபணு அறிக்கையோடும் சங்கத் தலைவர் கோதண்டபாணியிடம் போனாள்.

"சார், இது வெர்மோனேதான். வேணும்னா குடிச்சிப் பாருங்க."

"குடிக்கறதா? வாயாலயா?" கோதண்டபாணி முகத்தைச் சுளித்தார். புட்டியைக் காதோரம் வைத்துப் பார்த்தார். லேபிள் இல்லாததால் சில்லு வாய் திறக்கவில்லை. "ஒண்ணுமே வரலியேம்மா. சப்புனு இருக்கு."

"மூடி போட்டிருக்குது சார்! மூடிய திறந்தாத்தான வரும்?"

"அறிக்கைய வச்சிட்டுப் போங்க. நிபுணர்கள் பார்க்கட்டும்."

நிபுணர்கள் நேர்மையானவர்கள், பத்தே நாளில் பதில் வந்தது. கொடி அசல், ஐயமே இல்லை. அதைப் படித்துவிட்டுக் கூடாரத்துக்குள் ஒரு குதி குதித்தாள் பிலோமினா. இரண்டாம் பக்கத்தை அதற்குப் பிறகுதான் புரட்டினாள். வெர்மோன் மதுவின் கிடைத்தற்கரிய அருமையைக் காப்பது சங்கத்தின் கடமை. ஆகவே அசல் வெர்மோன் கொடியை இனி யாரும் வளர்க்கலாகாது. தண்ணீர் இன்றே நிறுத்தப்படும்.

அவள் ஓடிப்போய்க் கோதண்டபாணியின் மேசையில் ஓங்கி அறைந்தாள். "மனுசங்களாய்யா நீங்க? அசல்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க!"

"அதாம்மா சிக்கல். போலின்னா ஏதோ திராட்சைன்னு விட்டிருப்போம். நீங்கதான் விடாப்பிடியா நிரூபிச்சிட்டீங்களே" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

செவ்வாயின் காற்றில் ஈரம் ஏது? மூன்றே நாளில் நாற்பது கொடிகளும் சருகாயின. பதினோரு ஆண்டு உழைப்பை அவள் கைகளாலேயே வாரிக் குப்பையில் போட்டாள். மறு ஞாயிறு, சங்கத்தார் அவளுடைய பன்னிரண்டு புட்டிகளையும் கைப்பற்றி, 'கடைசி வெர்மோன்' என்று லேபிள் ஒட்டி, மேடையில் அடுக்கி, அவளுக்கு மாலையும் போட்டார்கள். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

பிலோமினா ஒரு புட்டியை எடுத்து மூடியைப் பிடுங்கி, எல்லார் எதிரிலும் மடக் மடக்கென்று குடித்தாள். அருமையாக இருந்தது. அதனாலேயே அழுகை வந்தது.

"இது குடிக்கறதுக்குடா! கும்பிடறதுக்கில்ல!"

முன்வரிசையில் ஒருவர் விரல்விட்டு எண்ணி, "இனிமே பதினொண்ணுதான்" என்றார். எல்லார் முகமும் மலர்ந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

ஆத்திரம் தாங்காமல் அடுத்த புட்டியையும் திறந்து மேடையிலேயே கவிழ்த்தாள். எழுந்து நின்று தட்டினார்கள். மூன்றாவது புட்டியின் மேல் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. திறந்தாலும் அவர்களுக்குத்தான் லாபம், திறக்காவிட்டாலும் அவர்களுக்குத்தான்.

கோதண்டபாணி கண்கலங்க அருகில் வந்து, அவள் காலடியில் கிடந்த இரண்டு புட்டிகளையும் துணியில் பதமாக எடுத்தார்.

"காலிப் புட்டிய மட்டும் உடைச்சிடாதீங்கம்மா. அதுக்கும் ஆள் இருக்கு."