பனியில் ஆறாத பெட்டி

பெட்டியைச் சுற்றி மட்டும் பனி உருகியிருந்தது.

யூக்கான் ஆற்றங்கரையில், ஜனவரியில், துப்பின எச்சில் தரையைத் தொடுமுன் கல்லாகிற குளிரில், பின்வாசல் பலகைத் தளத்தில் கிடந்த தகரப் பெட்டியின் நான்கு பக்கமும் ஈரப் பலகை பளபளத்தது. ஹன்னா சார்லி கையுறையைக் கழற்றி மூடியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி வெதுவெதுவென்றிருந்தது.

எபிஸ்கோப்பல் சபையின் மிஷன் வீட்டில், செத்துப்போன பாதிரிகளின் காகிதங்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை; குடியிருப்பும் அங்கேதான். கடிதங்கள், பிரசங்கக் குறிப்புகள், நாய்வண்டி முன்னால் விறைப்பாக நிற்கும் படங்கள் என்று, எங்கோ ஒரு பேத்தி பரணைக் காலி செய்தால் அத்தனையும் இங்கேதான் வந்து சேரும். காகிதத்தோடு பூச்சியும் வரும் என்பதால் எதையும் நேரே உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். முதலில் உறையவைத்துப் பூச்சியைச் சாகடிக்க வேண்டும். பெரிய ஊர்களில் அதற்கென்று ஆளுயர ஃப்ரீசர் வைத்திருக்கிறார்கள். இங்கே பின்கதவைத் திறந்து வெளியே தள்ளினால் போயிற்று. சில நாளில் எந்தப் பூச்சியும் பரலோகம் போய்விடும்.

பெட்டியின் மறுபக்கம் எட்டிப் பார்த்தவள் திடுக்கிட்டாள். பக்கத்து வீட்டு கில்பர்ட்டின் வண்டிநாய் தகரத்தோடு ஒட்டிச் சுருண்டு கிடந்தது. வாலை மூக்கின்மேல் போட்டுக்கொண்டு எந்தப் புயலிலும் பனிக்குள்ளேயே தூங்கி எழுகிற நாய். கூப்பிட்டாள். தொட்டாள். கட்டை போல விறைத்திருந்தது.

அந்தச் சூட்டை ஒட்டியே படுத்துக்கொண்டு அது குளிரில் செத்திருந்தது. அடப் பாவமே, என்ன கர்மம் இது என்று முணுமுணுத்தபடி அவள் கில்பர்ட்டிடம் சொல்லப் போனாள்.

திரும்பி வந்தபோது பெட்டி சமையலறையில் இருந்தது. அவள் தம்பி ஐசக் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு பாதங்களையும் மூடிமேல் வைத்து, மகாராஜா மாதிரி உட்கார்ந்து காய்ந்த சால்மன் மீனைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"டேய், யாரைக் கேட்டு உள்ள கொண்டு வந்தே?"

"கத்தாதேக்கா. உன் பாதிரிங்கள்ல இந்த ஆளு ஒருத்தன்தான் உருப்படி. அடுப்பே தோத்துப் போச்சு, தொட்டுப் பாரு."

"கில்பர்ட்டோட நாய் அது பக்கத்துலதான் செத்துக் கிடந்தது."

"அது கிழட்டு நாய்." அவன் தன் கையைத் தூக்கிக் காட்டினான். "நவம்பருக்கு அப்புறம் இன்னைக்குத்தான்க்கா என் விரல் இருக்குறதே எனக்குத் தெரியுது."

அந்த ஒரு சொல்லில் அவள் மனசு இளகிவிட்டது. நவம்பரில் அவனுடைய ஸ்னோமொபைல் வண்டி ஆற்றுப் பனியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. வெளியே இழுத்துப் போட்டபோது உயிர் இருந்தது. மூன்று விரல்நுனி போயின. அன்றிலிருந்து அடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் அவனுக்கு நடுக்கம் நிற்கவில்லை. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். அவளுக்கென்று உலகத்தில் வேறு யாரும் இல்லை. இனி இவன்மேல் குளிர் படவிட மாட்டேன் என்று மருத்துவமனை வாசலிலேயே கர்த்தரிடம் சொல்லியிருந்தாள். அவன் பல் கிட்டாமல் பேசி எத்தனை நாளாயிற்று! இருக்கட்டும், சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பெட்டியைத் திறந்தாள். ஈரக் கம்பளியும் அணைந்த மெழுகுவர்த்தியும் கலந்த ஒரு வாடை எழுந்து சமையலறை முழுக்கப் பரவியது. துவைட் பாதிரியாரின் கடிதங்கள். அவரை ஊருக்கே தெரியும்; அவரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நூறு வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரியில் மிஷன் விடுதிப் பிள்ளைகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு மேலாற்றுக்குப் போனவர். ஏன் போனார் என்பது யாருக்கும் தெரியாது. வசந்தத்தில்தான் அவர்களைக் கண்டெடுத்தார்கள்.

ஒவ்வொரு கடிதமும் ஒரே மாதிரி ஆரம்பித்தது. 'அன்புள்ள அம்மா, இன்று குளிரே இல்லை.' நூலை அவிழ்த்து, மடிப்பை நீவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பாதிரிகள் தாய்க்குப் பொய் எழுதுவது புதிதில்லை, சும்மா ஆறுதலுக்கு எழுதுவதுதான். காகிதம் விரலுக்கு இதமாக இருந்தது. சுவெட்டர் கசகசத்தது, கழற்றி நாற்காலிமேல் போட்டாள். அடுப்பில் விறகு சடசடத்தது, ஐசக் ஏதோ பாட்டை முனகினான், ஜன்னலில் வெளிச்சம் மெல்ல நீலமானது. மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிற காலம். கை நீட்டித் தேநீர்க் கோப்பையை எடுத்து உதட்டில் வைத்தாள்.

தேநீர் அசையவில்லை. உறைந்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலின் உள்பக்கத்தில் விரற்கடைத் தடிமனுக்கு உறைபனி. அடுப்பின் இரும்புக் கதவிலும் வெள்ளையாகப் பூத்திருந்தது, உள்ளே நெருப்பு எரிந்துகொண்டே இருந்தது. அவளுக்கோ வியர்த்தது.

கூடத்துக்கு ஓடினாள். பெட்டியை அனுப்பிய அம்மாள் பிலடெல்ஃபியாவில் இருந்தாள், துவைட்டின் தங்கை வழிப் பேத்தி, பெம்பர்டன் என்று பெயர். ஃபோன் முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"மிஷன் வீட்லேருந்து ஹன்னா பேசறேம்மா. நீங்க அனுப்பின பெட்டி..."

"இன்னும் சூடா இருக்கா?"

சூட்டைப் பற்றி ஹன்னா இன்னும் வாயே திறக்கவில்லை.

"என் வீட்டுக்காரர் அது பக்கத்துல உக்காந்துதான் பேப்பர் படிப்பார்," என்றாள் அந்த அம்மாள். அழுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா, தெரியவில்லை. "ஜூலை மாசம்மா. ஊரே வெந்துக்கிட்டு இருக்கு. நாற்காலியிலேயே விறைச்சுப் போயிட்டார்."

"இன்னைக்கே திருப்பி அனுப்பிடறேன்."

"கொடைப் பத்திரத்துல நீங்க கையெழுத்துப் போட்டாச்சு. அது இப்ப உங்களோடது. எனக்கு வேற வழி தெரியலம்மா, மன்னிச்சிடுங்க."

ஃபோன் செத்தது.

சமையலறையில் ஐசக் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. உதடு நீலம்.

"என்னக்கா புழுக்கம்! கதவைத் திறந்து விடேன்."

இந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்: குளிரில் சாகப்போகிறவனுக்குக் கடைசியில் உடம்பு தகிக்கும். கோட்டையும் காலணியையும் தானே கழற்றிப் போட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்துவிடுவான். துவைட் பாதிரியாரும் பிள்ளைகளும் அப்படித்தான் கிடைத்தார்கள்.

கம்பளிகளை எல்லாம் அவன்மேல் போட்டு இறுக்கினாள். "அசையாதே. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், நான் வர்ற வரைக்கும் அசையாதே." கடிதங்களை அள்ளிப் பெட்டியில் திணித்தாள். கோட்டையும் காலணியையும் கையுறையையும் மாட்டினாள். பெட்டியைச் சறுக்குவண்டியில் ஏற்றி, ஆற்றின்மேல் இழுத்துக்கொண்டு ஓடினாள். உறைந்த ஆறு காலடியில் முனகியது. நடு ஆற்றில் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல், இருட்டில் கரையைச் சுற்றி முன்வாசல் வழியாக வந்தாள்.

வீடு கதகதப்பாக இருந்தது. நிஜமான கதகதப்பு. ஜன்னலில் உறைபனி உருகி வழிந்தது. ஹன்னா வாய்விட்டு அழுதுவிட்டாள். "ஐசக்! போயிடுச்சுடா, ஒழிஞ்சுது!"

சமையலறைக்குள் ஓடினாள்.

கம்பளிகள் தரையில் கிடந்தன. பின்கதவு திறந்திருந்தது.

பனியில் வெறுங்கால் தடம். ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர். உறையாத தண்ணீர். ஆற்றை நோக்கிப் போயிற்று. அவள் ஓடினாள். கரை இறங்கினதும் அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தடம் சேர்ந்தது. சின்னது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

நடு ஆற்றில் பெட்டி திறந்திருந்தது. ஐசக் அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். புருவம் வெள்ளை. கண் பளபளப்பு.

"வாக்கா, இங்க குளிரே இல்லை."

"எழுந்திருடா. என் கண்ணு இல்ல, எழுந்திரு."

இழுத்தாள். கல்லை இழுப்பது போல இருந்தது. கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தினாள். அவன் கையைத் தேய்ப்பதற்காகக் கையுறையைக் கழற்றினாள். தேய்த்தாள். தேய்த்தாள். கர்த்தரே, இவனை விடு, என்னை எடுத்துக்கொள். பனியில் ஊன்றிய முட்டி வழியாகச் சூடு ஏறியது. இதமாக இருந்தது. எத்தனை இதம்.

குனிந்து பார்த்தாள். தன் காலணி இரண்டும் பனிமேல் ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. எப்போது கழற்றினாள்?

ஐசக்கின் தலை அவள் தோளில் சாய்ந்தது. அதில் கனம் இருந்தது, மூச்சு இல்லை. அலற வாயைத் திறந்தாள். வாயிலிருந்து மூச்சுப் புகை வரவில்லை.

பெட்டிக்கு அந்தப் பக்கம், பாதிரிகளின் வெள்ளைக் கழுத்துப்பட்டை அணிந்த ஒருவர், மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கி மறுபுறம் வைத்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.