கார்டு கேட்ட கம்ப்யூட்டர்

மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு ஹாரிஸ் வந்தபோது மதியம் மூன்று மணி. காயல்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு நேராக என் கணவர் ரோச்சின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அந்தப் பழைய பெட்டியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவனே அவன்தான்.

ரோச் சங்கு குளிக்கப் போய் ஒன்பது நாளாகியிருந்தது. படகு மட்டும் ஆளில்லாமல் மிதந்து கிடைத்தது. எங்கே முங்கினார் என்று ஒருவருக்கும் தெரியாது. சங்கு கிடைக்கும் இடங்களை ஜிபிஎஸ்ஸில் குறித்து, யாரிடமும் சொல்லாமல் கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பது அவர் வழக்கம். அந்த எண்கள் கிடைத்தால் தேடலாம். கல்லறையில் வைக்க எனக்கு அவர் உடல் வேண்டும்.

என் அண்ணன் ஜெஸ்டின் சுவரில் சாய்ந்து நின்றான். சங்கு குளிக்க முங்குபவரின் இடுப்புக் கயிற்றை, படகில் நின்று மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். தங்கை தாலியறுக்க அவன் விடமாட்டான் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அன்று அண்ணனுக்குக் காய்ச்சல். ரோச் தனியாகப் போய்விட்டார்.

கம்ப்யூட்டர் தொடங்கி, பாதியில் உறைந்தது. கறுப்புத் திரையில் ஒரே வரி. ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறதாம். பக்கத்தில் நொடிகள் ஏறிக்கொண்டிருந்தன. அதற்கடுத்து, காத்திருப்புக்கு வரம்பு இல்லை என்று ஆங்கிலத்தில்.

"என்னலே இது, கல்ஃப் விசாவுக்கு உக்காந்தவன் மாரி உக்காந்திருக்கு?" என்றான் அண்ணன்.

ஹாரிஸ் சிரிக்கவில்லை. "எம்மேலதாண்ணே தப்பு. ஜிபிஎஸ் மெமரி கார்டச் சொருவிட்டுத்தான் அவுக இத ஆன் பண்ணுவாக. கார்டு வராம மேல போகாதன்னு நான்தான் எழுதி வச்சேன்."

"அந்தக் கார்டு ஜிபிஎஸ்ஸுக்குள்ளல்லா கெடக்கு? படகுல ஜிபிஎஸ்ஸே இல்லியே!"

"பயப்படாதிய. அந்த வரிய எடுத்துட்டா தெறந்துரும்."

அணைக்கக் கை நீட்டினான்.

நொடிகள் நின்றன.

கார்டு வந்துவிட்டது என்றது திரை.

சொருகும் துளை காலியாக இருந்தது. ஹாரிஸ் விரலால் தடவினான். விரல் நனைந்தது. அறைக்குள் சங்குச் சதை அழுகும் நாற்றம் மெல்லப் பரவியது.

பட்டியல் தானாக விரிந்தது. கடைசி இடம், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே நாளில், அதே நிமிடத்தில் குறிக்கப்பட்டிருந்தது. ரோச் ஒவ்வொரு இடத்துக்கும் ஆழம் குறித்து, ஒரு பெயரும் வைப்பார். இதன் ஆழம் அறுபத்தாறு அடி. பெயர்: மச்சான், கயிறு.

"அக்கா, இத அணைச்சிருவோம்," ஹாரிஸ் கிசுகிசுத்தான்.

அண்ணன் அதற்குள் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தான். "என்னக் கூப்புடுதாரு. கயித்த நீயே புடி, ஏளா."

போகாதே என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் காலை கடல் எண்ணெய் போலக் கிடந்தது. படகோட்டி செந்தூர்பாண்டி அந்த எண்ணில் கொண்டுபோய் நிறுத்தினார். அண்ணன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு முங்கினான். கயிறு என் கைக்குள் ஓடி, நின்றது. மூன்று முறை இழுத்தால் தூக்க வேண்டும்.

ஒரு இழுப்பு.

இன்னொன்று.

மூன்றாவது வரவில்லை.

பிறகு கயிறு மெதுவாகக் கீழே போகத் தொடங்கியது. வெடுக்கென்று இழுக்கவில்லை. அடியில் உட்கார்ந்து யாரோ நிதானமாகச் சுருட்டுவது போல இருந்தது.

"விடாதிய தாயீ!" என்று கத்திக்கொண்டு செந்தூர்பாண்டியும் வந்து பிடித்தார். என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. திடீரென்று கனம் போய்விட்டது. மேலே வந்த கயிற்றின் நுனியில் இடுப்பு வளையம் இருந்தது. முடிச்சு அவிழவில்லை. வளையத்துக்குள் ஆள் இல்லை.

ஏழு நாள் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அதன்பின் ஹாரிஸ் வந்து, எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன் என்றான். கம்ப்யூட்டர் இம்முறை எங்கும் நிற்கவில்லை. நேராகப் பட்டியலைத் திறந்தது. கடைசியில் புதிதாக ஓர் இடம். பெயர் வைக்கவில்லை.

ஹாரிஸ் அதை வரைபடத்தில் வைத்துப் பார்த்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"எங்கன தம்பி இருக்கு? ரெண்டு பேரையும் எங்கன தேடணும்?"

திரையை என் பக்கம் திருப்பினான். புள்ளி கடலில் இல்லை. மில்லர்புரத்தில், எங்கள் தெருவில், இந்த வீட்டின் மேல் நின்றது.

ஆழம், அறுபத்தாறு அடி.