வெறும் கோப்புறைகள்

காணிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு இராசேந்திரத்தைத் தவிர வேறெவராலும் திறக்க முடியாத கணினிக் கோப்புறைக்குள், செவ்வாய்க்கிழமை காலை வெறும் கோப்புறை ஒன்று கிடந்தது. அதன் பெயர் கிணற்றடி. அவர் அதை உண்டாக்கவில்லை.

அவர் தொழில் பார்க்கும் கந்தோரின் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துத் தந்த பவ்ஸானைத் தொலைபேசியில் கேட்டார். கோப்புகளைப் பகிரும் மென்பொருளில் ஒரு சின்ன ஓட்டையாம்.

"வெளியில நிக்கிற ஆள் உள்ளுக்கு வெறும் கோப்புறை ஒண்டை வைக்கலாம், சேர். வேற ஒண்டும் ஏலாது. மென்பொருள் செய்த ஆக்களே ஆபத்துக் குறைவெண்டுதான் போட்டிருக்கினம். வந்து அடைச்சு விடவோ?"

வேண்டாம் என்றார். வந்தால் உள்ளே இருப்பதைப் பார்த்துவிடுவான். அங்கேதான் மரியம்மாவின் உயிலங்குளத்துக் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதி இருந்தது. தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பிய அந்த விதவை புதன்கிழமை தோறும் அதைக் கேட்டு வந்து, கதவோரக் கதிரையில் கைகளைக் கட்டிக்கொண்டு இருப்பாள். உறுதி சண்டையில் எரிந்துபோனது என்று சொல்லி, அந்தக் காணியை அவர் தன் மகள் டிலோஜினிக்குச் சீதனமாக எழுதிவிட்டார். ஆனாலும் ஆவணத்தை அழிப்பது மூன்று தலைமுறை நொத்தாரிசுக் குடும்பத்துக்கு இழுக்கு. அதனால் அழிக்காமல் ஒளித்து வைத்தார்.

கடைசிப் புதன்கிழமை அவள் கேட்டது ஒன்றுதான். "ஐயா, இருக்கோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

இல்லை என்றார். மறுநாள் அந்தக் காணிக் கிணற்றில் அவள் மிதந்தாள்.

கிணற்றடியை அழித்தார். பின்னேரம் இன்னொன்று வந்திருந்தது: பாலம். உயிலங்குளத்திலிருந்து கந்தோர் இருக்கும் தீவுக்குள் வருகிற எவரும் கடக்க வேண்டிய பாலம். அதையும் அழித்துவிட்டு, அன்றிரவு அவர் கண் மூடவில்லை.

புதன்கிழமை. எழுதுநர்கள் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்கள். சோளகக் காற்று யன்னல் கதவுகளை மெல்ல மெல்ல இடித்தது. உப்புப் புழுதியின் மணத்துக்கு அடியில், நாள்பட்ட கிணற்றுப் பாசியின் ஈர மணம் ஒன்று தரையோடு தரையாக ஊர்ந்து வந்து அவர் கால்மாட்டில் நின்றது. திரையில் ஒன்று முளைத்தது. படி. வெளியே செருப்பொலி. ஈரச் செருப்பு. திரையில் இன்னொன்று: கதவு.

அவர் நிமிரவில்லை.

கதிரை.

பிரம்பு கிரீச்சிட்டது. தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

தொலைபேசி அடித்தது. மருமகன் ஜெனோஜன். "மாமா, டிலோஜினி விடியக் கிணத்தடிக்குப் போனவா, இன்னும் காணேல்ல. அங்க வந்தவாவோ?"

இராசேந்திரம் நிமிர்ந்தார்.

கதவோரக் கதிரையில் டிலோஜினி இருந்தாள். கூந்தலிலிருந்து நீர் வடிந்தது. கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். இமைகள் அசையவில்லை. உதடுகள் மட்டும் திறந்தன.

"ஐயா," என்றாள் அவருடைய மகள், "இருக்கோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."