ஞாயிற்றுக்கிழமை பிறந்த சித்திரை

அழகுமீனாவின் வீட்டில் சித்திரை முதல் நாளுக்கு ஒரு சட்டம் உண்டு. மாங்காய்ப் பச்சடியின் முதல் கரண்டியை வெளி ஆள் ஒருவர் சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டு ஆட்கள் வாயில் வைக்கலாம்.

ஊரில் இருந்தவரை இது ஒரு பிரச்சினையே இல்லை. ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் அவர்கள் கிராமத்தில், வெல்லம் கரையும் வாசத்துக்கே நாலு பேர் கிண்ணத்தோடு வந்துவிடுவார்கள். திண்டுக்கல்லுக்குக் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அப்பா லாரியோடு வடக்கே போயிருந்தார். அம்மாவுக்கு மில்லில் பகல் ஷிப்ட்.

"பச்சடி பண்ணி வச்சிட்டேன். யாருக்காச்சும் குடுத்துட்டு நீயும் சாப்பிடு. நான் சாயங்காலம் வாரேன்" என்றபடி அம்மா செருப்பை மாட்டினாள்.

"யாருக்கும்மா? எனக்கு இங்க யாரையும் தெரியாதே."

"தெருவுல இம்புட்டு வீடு இருக்கு. ஒருத்தர்கூடவா வாங்க மாட்டாக?"

அம்மா போனதும் வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது. மின்விசிறியின் கடகட சத்தம் மட்டும் கேட்டது.

மீனா புதுப் பாவாடை கட்டிக்கொண்டாள். கிண்ணத்தில் பச்சடி எடுத்து, மேலே வறுத்த வேப்பம்பூவைத் தூவினாள். எதிர்வீட்டில் அவள் வயதில் ஒரு பெண் இருந்தாள். பெயர் ஷைனி. முந்தாநாள் ஜன்னல் வழியாக ஒருமுறை சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் மீனா கிளம்பினாள்.

கதவு திறந்தது.

"புத்தாண்டு வாழ்த்துகள்!" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள் மீனா.

ஷைனி வெள்ளைக் கவுன் போட்டிருந்தாள். காதில் கம்மல்கூட இல்லை. கிண்ணத்தைப் பார்த்தாள், மீனாவைப் பார்த்தாள்.

"இன்னைக்கு வேணாம்" என்றாள். டப்பென்று கதவைச் சாத்திவிட்டாள்.

மீனாவுக்குக் காது சுட்டது. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. அதற்கடுத்த வீடும் பூட்டு. புத்தாண்டு அன்றைக்கு ஒரு கோலம் இல்லை, ஒரு பாட்டுச் சத்தம் இல்லை. இப்படியும் ஒரு தெருவா?

வீட்டுக்கு வந்து கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். பசித்தது. ஆனால் சட்டம் சட்டம்தானே! ஊரில் இந்நேரம் சித்தி பிள்ளைகள் கரண்டிக்கு அடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சண்டையில் ஒரு அடி வாங்கினால்கூடத் தேவலை என்று தோன்றியது. கொஞ்ச நேரம் அழுதாள். புதுப் பாவாடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே 'டக் டக்' என்று கட்டை தட்டும் சத்தம் கேட்டது. மீனா வாசலுக்கு ஓடினாள்.

தெரு முழுக்க ஆட்கள். முன்னால் ஒருவர் பெரிய மரச்சிலுவையைச் சுமந்து வந்தார். ஒரு பையன் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு வந்தான். ஷைனி வெறுங்காலோடு வெயிலில் நடந்தாள். யார் முகத்திலும் சிரிப்பில்லை.

தெருமுனைப் பந்தலில், எல்லோரும் சூசைமாணிக்கம் மாமா என்று கூப்பிட்ட ஒருவர் பெரிய அண்டாவில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். மீனா மெதுவாக அவரிடம் போனாள்.

"மாமா, இன்னைக்கு என்ன?"

"பெரிய வெள்ளி, தாயி. இயேசு ஆண்டவர் மரிச்ச நாளு. அதான் கோயில்ல மணிகூட அடிக்க மாட்டோம். நாங்க ஒருசந்தி நோன்பு இருக்கோம், இனிப்பெல்லாம் தொட மாட்டோம். இந்தக் கஞ்சிதான் சாப்பாடு."

மீனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். லீவு விட்டது புத்தாண்டுக்குத்தான் என்று நினைத்திருந்தாள். துக்க வீட்டு வாசலில் நின்றல்லவா வாழ்த்துச் சொல்லிக் கத்தியிருக்கிறாள்!

மாமா அண்டாவைப் பார்த்துப் புலம்பினார். "துவையல் அரைக்கப் போன எங்க வீட்டுக்காரி கரண்டு போச்சுன்னு மிக்ஸியோட உக்காந்திருக்கா. இத்தனை பேரும் செத்த நேரத்துல திரும்பிருவாக. தொட்டுக்க வெஞ்சனம் இல்லாம எப்படிக் கஞ்சி ஊத்துறது?"

மீனா ஒரு நிமிடம் நின்றாள். பிறகு வீட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தாள்.

ஊரிலிருந்து தாய்மாமா கொடுத்துவிட்ட மாங்காய் ஒரு கட்டைப்பை நிறைய இருந்தது. பையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். சூசைமாணிக்கம் மாமா கத்தியை எடுத்து நறுக்க, மீனா உப்பையும் மிளகாய்த்தூளையும் போட்டுக் குலுக்கினாள். வெல்லம் மட்டும் போடவில்லை.

கூட்டம் திரும்பி வந்து வரிசையில் நின்றது. கஞ்சித் தட்டில் மாங்காய்த் துண்டுகளைப் போடும் வேலை மீனாவுக்குத்தான். ஷைனியின் தட்டு வந்தது. மீனா தலை நிமிரவில்லை.

"கோவமா?" என்று கேட்டாள் ஷைனி.

"நான் தெரியாம வாழ்த்துச் சொல்லிட்டேன்."

"நான் அதுக்குக் கதவைச் சாத்தல. அந்தப் பச்சடியப் பாத்ததும் எச்சில் ஊறிருச்சு. இன்னும் செத்த நேரம் நின்னிருந்தா ஒருசந்தி போயிருக்கும்!"

மீனாவுக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்குச் சிரிக்கலாமா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பச்சடி மிச்சமிருக்கா?" ஷைனி குரலைத் தாழ்த்தினாள்.

"அப்படியே இருக்கு. நானே இன்னும் சாப்பிடல."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் வச்சிரு. அன்னைக்கு ஈஸ்டர். மணி அடிச்சதும் வாரேன்."

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த அம்மா பச்சடியில் கை வைக்கப் போனாள். "ஆள் வர்றாங்கம்மா, பொறு" என்று மீனா கிண்ணத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். சனிக்கிழமை நகரவே மாட்டேன் என்றது. ஷைனி மறந்துவிட்டால்? மீனா ஜன்னலுக்கும் ஃப்ரிட்ஜுக்குமாக நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மணி கணகணவென்று அடித்தது. மணிச் சத்தம் ஓய்வதற்குள் வாசலில் ஷைனி நின்றாள். காதில் கம்மல் ஆடியது. கையில் சொந்தக் கரண்டி.

முதல் கரண்டியை வாயில் போட்டவள் முகத்தைச் சுளித்தாள். "நடுவுல என்னமோ கசக்குதே!"

"வேப்பம்பூ. அதுவும் இருக்கணும்."

ஷைனி இன்னொரு கரண்டி எடுத்தாள். "இப்பச் சொல்லு அந்த வாழ்த்தை."

மீனா தெருவே கேட்கும்படி கத்தினாள். பிறகு கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு அப்போதுதான் சித்திரை பிறந்தது.