பூட்டிய வார்டில் திராட்சை வாசனை

பூட்டிக் கிடந்த வார்டுக்குள் பழுத்த திராட்சை வாசனை அடித்தது.

உமாதேவி கதவைத் திறந்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள். தென்காசி முழுக்கச் சாரல் பிடித்திருந்த ஆனி மாதப் பிற்பகல். வெயில் முகத்தையே காணாமல் அந்தி போல இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்க, புதுப் பெயின்ட் நெடி, பினாயில் நெடி, இரண்டுக்கும் அடியில், பழக்கடைக்காரன் மறந்துவிட்டுப் போன பெட்டியிலிருந்து வருவது போல அந்த இனிப்பு வாசனை. வேறு யாராக இருந்தாலும் நன்றாக இருக்கிறதே என்று இழுத்து முகர்ந்திருப்பார்கள். உமாதேவி இந்த ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்த்தே தலை நரைத்தவள். இது சூடோமோனாஸ் கிருமியின் வாசனை. ஈரம் கண்ட இடத்தில் குடியேறி, பச்சை பூசிக்கொண்டு, மருந்தைப் பார்த்துச் சிரிக்கிற சனியன்.

போன மாதம் இதே வார்டில் இரண்டு பச்சைப் பிள்ளைகளைக் கொன்றது அதுதான். இரண்டு பேர் ரத்தத்திலிருந்தும் எடுத்த கிருமியை மதுரைக்கு அனுப்பி வகை பார்க்கச் சொன்னாள். மரபணுக் கோடுகள் அச்சு அசல் ஒன்றாக, ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி வந்தன. ஆனால் கை கழுவும் தொட்டியில் எடுத்த கிருமியின் கோடுகள் வேறு. "தொட்டியில இருக்கது வேற குடும்பம் சார். கொன்னது வேற எங்கயோ உக்காந்திருக்கு" என்று தலைமை டாக்டர் மகாதேவனிடம் தொண்டை கிழியச் சொன்னாள். அவர் தொட்டியைப் பெயர்த்துப் போட்டு, சுவருக்குப் பெயின்ட் அடித்ததோடு சரி. இன்று வார்டைத் திறக்கிறார்.

காரணம் பேராச்சி. இந்த வார்டில் வருஷக்கணக்காக ஊரார் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த நர்ஸ். அவளுக்குக் கோயில் கோயிலாக ஏறி இறங்கி உண்டான பிள்ளை, இன்று காலை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும். மூச்சுக்குத் திணறுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதை இங்கேதான் கொண்டுவந்து கிடத்தப் போகிறார்கள்.

"நான் இருக்கும்போதா?" என்று வாய்விட்டே கேட்டாள் உமாதேவி.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

களக். களக். களக்.

கடைசிக் கட்டில். ஆள் இல்லை. தலைமாட்டுச் சுவரில் ஆக்சிஜன் குழாயோடு மாட்டிய குப்பி. காற்றை ஈரமாக்குவதற்காக அதில் ஊற்றிய தண்ணீர், உலை கொதிப்பது போலக் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. பேராச்சி பிள்ளைக்காக யாரோ முன்கூட்டியே திறந்து வைத்திருக்கிறார்கள். கிட்டே போனாள். தண்ணீரில் லேசான பச்சை. வாசனை முகத்தில் வந்து அறைந்தது.

"நாந்தான் ஊத்துனேன், டாக்டரம்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னால் வார்டைத் துடைக்கிற பிச்சுமணி. கையில் ஒரு பழைய வெள்ளைக் கேன்.

"என்ன தண்ணி அண்ணாச்சி இது?"

"ஐந்தருவித் தண்ணி. மூலிகையெல்லாம் தொட்டுட்டு வருதுல்லா? சீசன் ஆரம்பிச்சதுல இருந்து ஊத்துதேன். மொத பிள்ள போனதும் மனசே ஆறல. பொறவு எல்லாக் குப்பியிலயும் ஊத்திட்டேன்."

கேனின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். கொழகொழவென்று வழுக்கியது. அருவி என்ன பாவம் செய்தது? ஒருநாளும் காய வைக்காத இந்தக் கேனுக்குள்தான் அந்தக் கிருமி குடும்பம் நடத்தியிருக்கிறது. கத்த வேண்டும் போலிருந்தது. அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்தால் கத்தவும் முடியவில்லை. குழாயை மூடினாள். சத்தம் நின்றது.

பிள்ளையைத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி மகாதேவனுக்குப் போன் போட்டாள். அவர் அவசரமாக வந்தார். "திருநெல்வேலி போறதுக்குள்ள பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது, உமா?"

"இங்கன வச்சா கண்டிப்பா ஆகும் சார். என்னத் தாண்டி ஒரு கட்டில்லயும் இந்தப் பிள்ளய வைக்க முடியாது. வேணும்னா இப்பமே ராஜினாமா எழுதித் தாரேன்." வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவர் குப்பியைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், ஆம்புலன்ஸுக்குச் சொல்லப் போனார்.

பிள்ளையோடு வண்டியில் அவளே ஏறினாள். அதில் இருந்த தண்ணீர்க் குப்பியைக் கழற்றி எறிந்தாள். உறை பிரிக்காத புதுக் குழாய், காய்ந்த ஆக்சிஜன், ஒரு சொட்டு ஈரம் கிடையாது. எதிரே பேராச்சியின் கணவன் அருண்பாண்டி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பாவூர்சத்திரம் தாண்டியது. சாரல் நின்று, காற்றாலைகள் சாம்பல் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. பிள்ளையின் விரல்கள் நீலம் மாறிச் சிவந்திருந்தன. ஜெயித்துவிட்டேன் என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அப்புறம் அந்த வாசனை.

கையை முகர்ந்தாள். சோப்பு. சேலையை முகர்ந்தாள். மழை. குழாய். ஒன்றுமில்லை. துணி. ஒன்றுமில்லை.

குனிந்தாள். பிள்ளையின் முகத்தருகே.

திராட்சை.

"அருண்பாண்டி... பிள்ளைக்கு ஏதும் குடுத்தீங்களா?"

"இல்லக்கா. பொறந்ததும் சேனை மட்டும் வச்சோம். சேனை வைக்கவுக குணந்தான பிள்ளைக்கு வரும்? இந்த ஆஸ்பத்திரியிலயே தங்கமான மனுசன் பிச்சுமணி அண்ணாச்சிதான்னு பேராச்சி சொன்னா. அவருதான் அவரு கேன் தண்ணியில சீனியக் கரைச்சு, நாக்குல ஒரு சொட்டு வச்சாரு."

காலையில் வைத்த ஒரு சொட்டு. அதற்குள் வாசனை வராது. வரவே கூடாது. அவள் படித்த படிப்பு அத்தனையும் அப்படித்தான் சொன்னது.

திருநெல்வேலிக்குப் போன் போட்டு, எந்த மருந்தை எடுத்து வைக்க வேண்டும் என்று பேர் பேராகச் சொன்னாள். பிறகு பிள்ளையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள்.

"உன் கோடு ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும்லே. விடமாட்டேன்," என்றாள். பிள்ளையிடம் அல்ல.

பிள்ளை கண்ணைத் திறந்தது. வாயைத் திறந்தது. அழவில்லை. நாக்கின் நுனியில் பச்சை மினுங்கியது.

குப்பி இல்லாத வண்டிக்குள், அவள் உள்ளங்கைக்கு அடியில் இருந்து கேட்டது.

களக். களக். களக்.