அதே லைனில் இன்னொரு போன்

புது ரூட்டரின் பச்சை விளக்கு மறுபடியும் அணைந்தது. இது நான்காவது முறை. கீலுங் நகரத்து மழை பால்கனித் தகரத்தில் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்க, ஊதுவத்திச் சாம்பலும் ஈரச்சுவரும் கலந்த வாடையில், அம்மாவின் படத்துக்குக் கீழே மண்டியிட்டு, மஞ்சளேறிய பழைய போன் சாக்கெட்டையே கோ யென்டிங் முறைத்துக்கொண்டிருந்தான். மூன்று மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. முப்பத்தைந்து வயதில் அவனுக்கு அமைந்த முதல் இன்டர்வியூ. அதற்கே அம்மா செத்து, வேளாவேளைக்குச் சமைத்துப் போட ஆளில்லாமல் போக வேண்டியிருந்தது.

இன்டர்நெட் கம்பெனிக்குக் கைபேசியில் கூப்பிட்டான். எடுத்த பெண் கொட்டாவியை மறைக்கவில்லை.

"எல்லா போனுக்கும் ஃபில்டர் மாட்டினீங்களா சார்?"

"போனே கிடையாதே. ரூட்டர் மட்டும்தான்."

"இல்ல சார், அதே லைன்ல இன்னொரு போன் இருக்கு. ஃபில்டர் இல்லாம யாராவது ரிசீவர எடுத்தா நெட் கட்டாயிடும். இப்பக்கூட எடுத்துத்தான் இருக்குன்னு இங்க காட்டுது. வீட்ல இருக்கறவங்கள வைக்கச் சொல்லுங்க."

"வீட்ல நான் மட்டும்தாங்க இருக்கேன்."

"அப்ப நீங்களே வெச்சிடுங்க சார்."

இழவுக்குப் பின் மூடிய அம்மாவின் அறைக்கதவைத் திறந்தான். தைல நெடி. கட்டிலுக்கு அந்தப் பக்கம், தரையில், அவன் நினைக்கவே விரும்பாத அம்மாவின் பழைய போன். ரிசீவர் மல்லாந்து கிடந்து ரீங்கரித்தது. வயர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் போனது. இழுத்துப் பார்த்தான், வரவில்லை. ரிசீவரை எடுத்து வைத்தான். கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது. அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை என்று முடிவு செய்து, கதவைச் சாத்தக்கூட நிற்காமல் வந்துவிட்டான்.

பச்சை எரிந்தது. அரைக்கால் சட்டைக்கு மேல் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். திரையில் இரண்டு முகங்கள்.

"உங்களப் பத்திச் சொல்லுங்க, மிஸ்டர் கோ."

வாயைத் திறந்தான். அம்மாவின் அறைக்குள்ளே 'டொக்'.

விளக்கு அணைந்தது. முகங்கள் பாதிச் சிரிப்பில் உறைந்தன. மழைச் சத்தத்துக்கு அடியில், அறைக்குள்ளிருந்து, மெல்லிய ரீங்காரம். பிறகு பொத்தான் அழுத்தும் சத்தம்.

ஒன்று.

நெடுநேரம் கழித்து, இன்னொரு ஒன்று.

ஆம்புலன்ஸ் நம்பர் 119-க்கு இன்னும் ஒன்பது மட்டும்தான் பாக்கி.

"அம்மா! நான் நெட்ல இருக்கேன்ல? போன வை!"

நினைத்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. இன்னொரு ஃபில்டர் மாட்டச் சோம்பல்பட்டுப் பதினொரு வருடம் தினமும் கத்திய வாக்கியம். அம்மா செத்த அன்றைக்கு மதியமும் இதைத்தான் கத்தினான், காதில் ஹெட்போனோடு, திரும்பிப் பார்க்காமல். கம்ப்யூட்டர் ஆட்டம் முடிந்து அவன் எழுந்தபோது மாலை ஆறு.

உள்ளே ரிசீவர் மெதுவாக, சத்தம் வந்துவிடக் கூடாது என்பதுபோல, வைக்கப்பட்டது.

பச்சை மினுக்கியது. நின்று எரிந்தது. முகங்கள் அசைந்தன.

"இப்ப கேக்குதா, மிஸ்டர் கோ? சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல."

அவன் திரையைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த கதவு வழியே பார்த்தான். கட்டிலுக்கு அந்தப் பக்கம், தரையோரம், ஊதி வெளுத்த இரண்டு கைகள். ரிசீவரை அழுத்திப் பிடித்தபடி.

அவன் பேசி முடிக்கட்டும் என்று.