நான்கு வருஷம் ஓடாத கார்

"பன்னெண்டு மணிக்குள்ள காருக்கு அச்சாரம் வச்சாகணுமாம். இல்லேன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம்," என்றாள் ரஹீமா பீவி. நாற்காலியைக் காட்டியும் அவள் உட்காரவில்லை. மணமேல்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். மடியில் முடிந்திருந்தவை அவளுடைய ஆறு தங்க வளையல்கள்.

1946, மாசி மாதம். சொர்ணவல்லி புதுக்கோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றின் விஞ்ஞான ஆசிரியை. பள்ளியில் வினாத்தாள் திருடியவரை அரை நாளில் கண்டுபிடித்ததிலிருந்து ஊரில் எது சந்தேகமானாலும் அவள் வாசலுக்கு வரும்.

"பர்மாவுல இருந்து நடந்தே வந்தவன் என் தம்பி அபுபக்கர். கார் ஓட்டத் தெரியும், வேலைதான் இல்ல. வாடகைக் கார் ஓட்டிப் பொழச்சுக்குவான். ஆனா இந்த வளையலை விட்டா எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல டீச்சரம்மா."

"விக்கிறது யாரு அக்கா?"

"குளத்தூர் முத்துராமன்."

"நானும் வாரேன்!" என்று தையல் ஆசிரியை மீனம்மாள் செருப்பைத் தேடினாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. எப்போதுமே கூப்பிடுவதில்லை.

குளத்தூரில் அந்தக் கார் புளியமர நிழலில் பளபளவென்று நின்றது. சற்றுத் தள்ளி, தோல்பையை அணைத்தபடி ஒருவர் சைக்கிள் அருகே நின்றார். அவர்தான் வாங்கக் காத்திருக்கும் அந்த வேறு ஆள், சிவசாமி.

முத்துராமன் சொர்ணவல்லியை மேலும் கீழும் பார்த்தார். "பஸ்ஸுக்குக் கரி போட்ட அய்யாக்கண்ணு மகதானே நீ? பி.ஏ. படிச்சா கார் பார்க்க வந்துருமா?"

மீனம்மாளுக்குக் காது சிவந்தது. சொர்ணவல்லி, "வண்டியப் பத்திச் சொல்லுங்க," என்றாள்.

"சண்டை வந்து பெட்ரோலுக்கு ரேஷன் போட்டதும் செங்கல்லு மேல ஏத்தி நிறுத்துனது. நாலு வருஷம் ஒரு அடி ஓடல. போன வாரந்தான் எறக்குனோம். இன்னைக்கு இன்னும் ஸ்டார்ட்கூடப் பண்ணல. ஒங்க முன்னாடிதான் பண்ணப் போறோம். சீக்கிரம் சொல்லுங்க, அவரு காத்துக்கிட்டிருக்காரு."

சொர்ணவல்லி அவசரப்படவில்லை. என்ஜின் மூடிமேல் உள்ளங்கையைச் சற்று நேரம் வைத்தாள். பின்பக்கம் போய்ப் பெயிண்டை விரலால் தடவினாள். குனிந்து அடியில் பார்த்தாள்.

"மண்ணுல பொரளுறதுக்கா படிக்க வச்சாங்க?" என்றார் முத்துராமன். சிவசாமி சிரித்தார்.

"நீங்க வண்டியப் பார்த்துட்டீங்களா?" என்று சொர்ணவல்லி அவரிடம் கேட்டாள்.

"நான் பார்க்காமலேயே எடுத்துக்குவேன்."

அவள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "சரி, டிரைவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க."

டிரைவர் ராக்கன் அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். எஜமானர் கைதட்டியதும் விறுவிறுவென்று நடந்து காரின் பின்பக்கம் போனான். அங்கே காற்றில் கையை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு முன்பக்கம் வந்து, ஹாண்டிலை மாட்டிச் சுற்றினான். ஒரே சுற்றில் என்ஜின் உறுமியது.

"பார்த்தியாம்மா? ஒரே சுத்து!"

ரஹீமா பீவியின் கை மடி முடிச்சுக்குப் போனது.

"முடிச்சை அவுக்காதீங்க அக்கா," என்றாள் சொர்ணவல்லி. "ராக்கன் அண்ணே, நிறுத்துங்க."

சத்தம் அடங்கியது.

"இன்னைக்கு ஸ்டார்ட் பண்ணலேன்னு சொன்னாரு. ஆனா நிழல்ல நிக்கிற வண்டியோட மூடி நான் தொட்டப்பவே சுட்டது. நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு ஏத்தியிருக்காங்க. ஆறுன என்ஜினா இருந்தா இது ஒரு சுத்துல கெளம்பாது."

"ஏன் கெளம்பாதுக்கா?" என்றாள் மீனம்மாள்.

"தேய்ஞ்சு போச்சு. பின்பக்கம் மட்டும் புதுப் பெயிண்ட். அதுக்கடியில நாலு வட்டமா மேடு தட்டுது. போல்ட் போட்ட ஓட்டையை மக்கு வச்சு அடைச்சிருக்காங்க. பின் ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை கூடுதலா இருக்கு. ஆள் ஏறாம செங்கல்லு மேல நின்ன வண்டிக்கு அது எதுக்கு? பின்னாடி பெரிய பாரம் ஒண்ணு தொங்கியிருக்கு."

"எல்லாம் கற்பனை!" என்றார் முத்துராமன்.

"இருக்கட்டும். ராக்கன் அண்ணன் ஏன் பின்னாடி போனாரு? பெட்ரோல் வண்டி ஓட்டுறவருக்கு ஸ்டார்ட் பண்ண அங்கிட்டு என்ன வேலை?"

ராக்கன் சட்டைக் கையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டான்.

"எங்க அப்பா தெனமும் அப்படித்தான் போவாரு. பெட்ரோல் கெடைக்காம பஸ்ஸுக்குப் பின்னாடி கரி அடுப்பு மாட்டுனாங்கள்ல, அதைக் குத்திவிட்டு, விசிறி, என்ஜினை ஓட்டுற புகை நல்லா வந்தப்புறந்தான் முன்னாடி வந்து சுத்தணும். நாலு வருஷம் அதையே செஞ்ச காலு, கைதட்டுன ஒடனே அங்கிட்டுத்தான் போகும். அடுப்பைக் கழட்டிட்டாங்கன்னு காலுக்குத் தெரியாது." அவள் முத்துராமனைப் பார்த்தாள். "இந்த வண்டி சும்மா நிக்கல. கரியில ஓடியிருக்கு. சரியா வடிகட்டாம விட்டா கரித்தூளும் சாம்பலும் உள்ள போயி என்ஜினை அரைச்சுரும். கரி போட்டவன் மகளுக்கு இது தெரியும்."

"டேய் ராக்கா!" முத்துராமன் கத்தினார். "சொல்லுடா, இந்த வண்டி எப்பவாவது கரியில ஓடுச்சா?"

ராக்கன் எஜமானரைப் பார்த்தான். பிறகு ரஹீமா பீவியின் மடி முடிச்சைப் பார்த்தான். பின் கதவைத் திறந்து இருக்கையைத் தூக்கி, முழ நீள இரும்புக் கம்பி ஒன்றை எடுத்தான். நுனி கருகியிருந்தது. சட்டைக் கை மேலேற, முழங்கை வரை நெருப்புத் தழும்புகள் தெரிந்தன.

"அடுப்புக் குத்துற கம்பிங்கம்மா," என்று அதை ரஹீமா பீவியிடம் நீட்டினான். "போன வாரம் வரைக்கும் ஓடுச்சு."

ரஹீமா பீவி கம்பியை வாங்கிக்கொண்டாள். "எனக்கு வேணாங்க. அவருக்கே குடுத்துருங்க. பார்க்காமலேயே எடுத்துக்கிறேன்னாரே."

எல்லோரும் திரும்பினார்கள். சிவசாமி சைக்கிளில் தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தார். அவர் அணைத்திருந்த தோல்பை கீழே கிடந்தது. மீனம்மாள் ஓடிப்போய்த் திறந்தாள். உள்ளே பழைய செய்தித்தாளைத் தவிர ஒன்றுமில்லை.

ரஹீமா பீவி மடி முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள். பிறகு ராக்கனிடம் கேட்டாள்: "தம்பி, என் தம்பிக்கு வேற வண்டி பார்க்கணும். நீங்க வந்து பார்த்துச் சொல்றீங்களா?"